எங்கே வைப்பது?
ஆற்றங்கரைத் தொழில் நகரில் நிலமும் நகர்மன்றமும் அண்டை வீடும்

(பள்ளிபாளையத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட மேடைகளில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். நான் சர்வே நம்பரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம்மூரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் ஒரு தறிக்கூடமாக இருக்கும். சந்தில் திறந்துவிட்ட சாயத் தண்ணீராக இருக்கும். அல்லது ஒன்றரை அடி தள்ளிக் கட்டிய சுற்றுச்சுவராக இருக்கும். ஊர்ப் பகையில் பாதி, நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

இது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1917 முதல் 1919 வரை ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே காலத்தை ஒட்டி, இதோ காவிரிக்கு அக்கரையில், ஈரோடு நகராட்சித் தலைவராகப் பெரியார் இருந்தார். பின்னாளில் தமிழக அரசியலின் இரு துருவங்களாக நின்றவர்கள் பொதுவாழ்க்கையைத் தொடங்கியது குடிதண்ணீர், சாக்கடை, தெரு அகலம், சந்தை இடம் என்ற கோப்புகளோடுதான். அவர்கள் அந்த நாற்காலிகளை விட்டு எழுந்த கையோடு, 1920-இல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மாவட்ட நகராட்சிகள் சட்டம். மற்றொன்று நகரமைப்புச் சட்டம். ஊரை ஆள்வது ஒரு சட்டம், ஊரின் நிலத்தை வகுப்பது வேறொரு சட்டம் என்று அன்றே பிரிந்துவிட்டது. அந்தப் பிரிவின் விளைவு இன்றுவரை தொடர்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தைப் பற்றிய எந்த முடிவுக்கும் இரண்டு பாதி உண்டு. ‘இங்கே கூடாது’ என்பது ஒரு பாதி. ‘அப்படியானால் எங்கே?’ என்பது மறு பாதி. முதல் பாதியைச் சொல்ல அண்டை வீட்டாருக்குத் தெரியும், அரசாணைக்குத் தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும். இரண்டாம் பாதியைச் சொல்லும் பொறுப்பு ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் மன்றத்துக்கு உரியது. அதைச் சொல்லாமல் விட்டதற்கான விலையைத்தான் பள்ளிபாளையம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இனி நான் பேசப்போவது எல்லாம் அதற்கான சான்றுகள்.

பாவடி என்ற ஏற்பாடு

கொங்கு நாட்டு நெசவு ஊர்களில் பாவடி இல்லாத ஊர் அபூர்வம். இன்று பாவடித் தெரு என்று பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்களும் உண்டு. கைத்தறிக் காலத்தில் பாவு நூலை வீட்டுக்குள் வைத்துத் தயார் செய்ய முடியாது. நீளமாக இழுத்துக் கட்ட வேண்டும், கஞ்சி பூச வேண்டும், வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்துத் தட்டிக் காயவைக்க வேண்டும். குழித்தறி வீட்டுக்குள் அடங்கும், பாவு அடங்காது. அதனால் தெருவை ஒட்டி ஒரு நீள மைதானத்தை நெசவாளர் சமூகம் பொதுவில் வைத்துக்கொண்டது. யார் வீட்டுப் பாவு என்றைக்கு என்ற முறை, மரநிழல், கஞ்சித் தண்ணீர் ஓடும் வாய்க்கால் எல்லாவற்றையும் அந்தத் தெருப் பெரியவர்கள் பேசித் தீர்த்தார்கள்.

இதை நான் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. பாவடி ஒரு சமூகத்துக்கு உரியது. மற்றவர்களுக்கு அதில் சொல் கிடையாது. அங்கே பேசிய பெரியவர்களில் பெண்களும் கிடையாது. ஆனால் ஒரு நல்ல வழக்கம் அதில் இருந்தது. தொழிலில் எந்த வேலை வீட்டுக்குள் அடங்காதோ, அந்த வேலைக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பொதுவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலைகள் வந்ததும் பாவடியின் தேவை போயிற்று. பல ஊர்களில் அந்த நிலம் பள்ளிக்கூடமானது, மண்டபமானது, வண்டி நிறுத்தும் இடமானது. வீட்டுக்குள் அடங்காத புதிய வேலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு யாரும் பாவடி ஒதுக்கவில்லை.

சாயத்துக்கு இடம் எங்கே?

அந்தப் புதிய வேலைகளில் முதன்மையானது சாயம். லுங்கி, துண்டு, பெட்ஷீட் என்று இங்கே ஓடும் வண்ண ரகங்களுக்கு நூலிலேயே நிறம் ஏற வேண்டும். சாயப்பட்டறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நூல் சிட்டங்களை வேகவைத்து, சலவை செய்து, கோலில் மாட்டித் தொட்டியில் புரட்டுகிறார்கள். பருத்தி நூலுக்கு இன்று அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். அது தண்ணீரை விட்டு நூலின் பக்கம் சாய்வதற்கு உப்பு வேண்டும். நூலில் பிடித்து நிற்பதற்குச் சோடா வேண்டும். பிறகு அலசல், சோப்புத் தண்ணீர், மறுபடி அலசல். போட்ட சாயத்தில் ஒரு பங்கு நூலில் ஏறாமல் தண்ணீரோடு போகிறது. உப்போ ஏறக்குறைய முழுவதும் போகிறது.

நிறத்தைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டால் வண்டல் கீழே படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். உப்பு அப்படிப் படியாது. சவ்வு வைத்து வடிகட்ட வேண்டும், வடிகட்டியதில் மிஞ்சும் கழிவைக் காய்ச்ச வேண்டும், காய்ச்சியபின் குவியும் உப்பை எங்கேயாவது பத்திரமாக வைக்க வேண்டும். வெளியேற்றும் தண்ணீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சின்னப் பட்டறை தன் வருமானத்தில் இத்தனையும் செய்ய முடியாது. பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். அதற்கு நிலம் வேண்டும். மறுபடியும் ‘எங்கே?’

அரசு இதற்குச் சொன்ன பதில் என்ன? 1989 மார்ச் 30 அன்று வந்த சுற்றுச்சூழல் துறை அரசாணை 213, ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்றது. சாயத்தொழில் அந்தப் பட்டியலில் உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில், அந்த அரசாணையை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1998 மே 8-இல் வந்த அரசாணை 127, காவிரி உள்ளிட்ட பேராறுகளுக்குத் தடைத் தூரத்தை 5 கி.மீ. ஆக்கியது.

நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. காவிரித் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் நமக்குக் கீழே எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இந்த அரசாணையை எடுத்துக்கொண்டு பள்ளிபாளையத்தின் வரைபடத்துக்கு முன்னால் நில்லுங்கள். நகராட்சியின் எந்த மூலையிலிருந்து அளந்தாலும் காவிரி 5 கி.மீ.க்குள் வந்துவிடும். ஊர் முழுக்கத் தடைப்பகுதி. போதாக்குறைக்கு நமக்கு மேலே சமயசங்கிலி, கீழே ஓடப்பள்ளி–வெண்டிபாளையம் என்று கதவணைகள். தண்ணீர் தேங்கி நிற்கும் ஆறு இது. கலந்த கழிவு அடித்துக்கொண்டு போகாது, நம் கண்ணெதிரே கிடக்கும். ஆக, தடை நியாயமானது. ஆனால் அரசாணை 5 கி.மீ.க்கு இந்தப் பக்கம் கூடாது என்று மட்டும் சொன்னது. அந்தப் பக்கம் இருப்பவர் யார்? கிணற்றுப் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கும் விவசாயி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் ‘இங்கே கூடாது’ என்பார்; அவர் சொல்வதும் நியாயம்தான்.

பாதி முடிவின் விளைவு நமக்குத் தெரியும். வேலை நிற்கவில்லை; இருட்டுக்குள் போயிற்று. வாடகை வீடு, தகரக் கொட்டகை, சாக்கடையில் இணைத்த குழாய், இராத்திரி வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வருவார்கள், மின் இணைப்பைத் துண்டிப்பார்கள், பொக்லைன் வைத்துத் தொட்டியை இடிப்பார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். கொஞ்ச நாளில் வேறொரு சந்தில் தொட்டி கட்டியிருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் இதுவே நடந்தது. அங்கே செய்ய முடியாத சாயம் இடம் தேடி மற்ற ஊர்களுக்குக் கிளம்பியது.

இதில் எல்லோரும் ஒருவகையில் அண்டை வீட்டார்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று மனுக் கொடுப்பவரின் வீட்டுத் தறியில் ஓடும் வண்ண நூலும் எங்கோ ஒரு தொட்டியில் நனைந்து வந்ததுதான். அவர் மனு பொய்யாகிவிடாது. ஆனால் அந்த மனு அத்தோடு முடிந்துவிடவும் கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி

சாயம் ஊர்ப் பிரச்சினை என்றால் தறி தெருப் பிரச்சினை. நான்கு விசைத்தறி வைத்திருப்பவர் ஏன் அதை வீட்டோடு வைத்திருக்கிறார்? வாடகை மிச்சம். மனைவி அடுப்பையும் பார்த்துக்கொண்டு தார் போட முடியும். இழை அறுந்தால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து முடிச்சுப் போடலாம். ஆள் வராத நாளில் வீட்டிலிருப்பவர் தறியில் நிற்கலாம். குடும்பமே கூலியில்லாத ஆளாக உழைப்பதால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. தறியை ஊருக்கு வெளியே கொண்டுபோ என்று சொன்னால், அந்தக் குடும்பத்தின் பொருளாதாரத்தையே பிரித்துப்போடச் சொல்கிறோம் என்று பொருள்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் கணக்கு வேறு. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இதய நோயாளியான மாமியார், இராப் பகல் ஓயாத தடதடப்பு, அதிர்ந்து விரிசல் விட்ட சுவர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. ஓடும் தறிக்கூடத்தின் சன்னலோரத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அரசு தறிக்காரரைக் கைவிடவில்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2006-இல் வந்தது. 2016-இல் 750 ஆயிற்று, 2023-இல் 1,000 ஆயிற்று. தறி ஓடுவதற்கு மின்சாரம் தரும் கொள்கை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தறி நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்சு வளரவில்லை. நகரமைப்பு விதிகள் குதிரைத்திறன் வரம்பு வைத்து, குடியிருப்புப் பகுதியில் சிறுதொழிலுக்குக் கொஞ்சம் இடம் தருகின்றன. அந்த விதியை எழுதியவர் மனதில் இருந்தது வீடுகள் நிறைந்த தெருவில் ஒரே ஒரு பட்டறை. வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெருவை எந்த வண்ணத்தில் தீட்டுவது? குடியிருப்புக்கான மஞ்சளா, தொழிலுக்கான ஊதாவா?

இங்கே ‘எங்கே’ என்ற கேள்விக்குப் பதில் கிலோமீட்டரில் கிடைக்காது, அடிக்கணக்கில்தான் கிடைக்கும். தறியின் காலுக்குக் கீழே அதிர்வு தாங்கும் ரப்பர் அட்டை, பொதுச் சுவரிலிருந்து தறி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், சன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும், தேர்வு மாதத்தில் இரவு ஷிப்டு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பவை. இவற்றையெல்லாம் சென்னையிலிருந்து யாரும் எழுதித் தர முடியாது. தொழில் உரிமம் கொடுக்கும் நகராட்சி, அந்தந்த வார்டில் பேசி, உரிமத்தின் நிபந்தனைகளாக எழுதலாம்.

ரிசர்வ் சைட்

மூன்றாவது, மனைப்பிரிவில் விடும் பொது இடம். ரிசர்வ் சைட் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10% நிலத்தைத் திறந்தவெளிக்காகத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்ப முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலமாகவோ மதிப்பாகவோ கொடுக்கலாம்.

அனுமதி வாங்கிய மனைப்பிரிவின் கதை இது. அனுமதியே வாங்காமல் கல் நட்டு விற்றவை எத்தனை! 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும் தமிழ்நாடே ஸ்தம்பித்தது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று வழி பிறந்தது. மனைக்குச் சட்டம் கிடைத்தது. ஆனால் அங்கே விடாமல் போன பூங்கா எந்தக் கட்டணத்தாலும் முளைக்கவில்லை. அந்தத் தெருக்களில் பிள்ளைகள் விளையாடுவது ரோட்டில்தான்.

ஒழுங்காக விட்ட ரிசர்வ் சைட்டுக்கும் ஆபத்து உண்டு. அது பெரும்பாலும் நல்ல காரியத்தின் உருவில் வரும். பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். முதலமைச்சர் மட்டத்திலேயே முடிவானது. அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போனார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனையும் பொதுப்பயன்தான், ஆனால் திறந்தவெளிக்கென்று வகுத்த இடத்தை அதற்கு மாற்ற அதிகாரம் கிடையாது. அத்தோடு, பூங்காவை இழக்கப்போகும் குடியிருப்போருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்றும் உறுதிசெய்தது. தண்ணீர்த் தொட்டியா, அங்கன்வாடியா, உரக்கிடங்கா என்று நம் வார்டில் கேள்வி எழும்போதெல்லாம், கையில் தயாராக இருக்கும் காலியிடம் ரிசர்வ் சைட்தான். ‘எங்கே’ என்று யோசிக்கச் சோம்பல்பட்டால், பதில் எப்போதும் அதன் தலையில்தான் விடியும்.

வெள்ளமும் பேருந்து நிலையமும்

2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. நம் கரையோரத் தெருக்களில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. பாத்திரம் பண்டம், பிள்ளைகளின் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மக்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கினார்கள். ஆற்றுப் புறம்போக்கில் ஏன் வீடு கட்டினார்கள் என்று கேட்பது சுலபம். தறிக்கு நடந்து போகும் தூரத்தில் அவர்கள் கூலிக்குக் கட்டுப்படியான வேறு இடம் எங்கே இருந்தது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி கொடுத்தால், அதிகாலை ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. சாவியை வாங்கிக்கொண்டு மறுபடி ஆற்றோரத்துக்கே வருவார்கள்.

‘எங்கே’ என்பதைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நம் மாவட்டத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 2024-இல் ராசிபுரம் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே அணைப்பாளையத்துக்கு மாற்ற அந்த நகர்மன்றம் தீர்மானம் போட்டது. மாற்ற வேண்டும் என்றவர்கள் நெரிசலைச் சொன்னார்கள். கூடாது என்றவர்கள் தூரத்தைச் சொன்னார்கள். கடையடைப்பும் போராட்டமும் நடந்தன. இங்கே மன்றம் இரண்டாம் பாதியைச் சொல்லிவிட்டது. ஆனால் இடத்தை முடிவு செய்த பிறகுதான் ஊரோடு பேச்சே சூடுபிடித்தது. பூ விற்கும் அம்மா, பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லாத நோயாளி, நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர் ஆகியோரை முதலிலேயே உட்காரவைத்துப் பேசியிருந்தால், அதே இடம் முடிவாகியிருந்தாலும் வாதம் வேறு மாதிரி இருந்திருக்கும். வேறு இடமும் கிடைத்திருக்கலாம்.

அஜெண்டாவில் ஒரு வரி

அப்படியானால் பேச்சு எங்கே நடக்க வேண்டும்? சட்டத்தில் வாசல்கள் இருக்கின்றன. 1992-இல் நிறைவேறி 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. முதலாவது நகரமைப்பு. இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. பட்டியலில் முதலிடம், நடைமுறையில் கடைசி இடம். திட்டம் வகுக்கும் வேலை இன்றும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி பெரும்பாலும் மாநிலத் துறையின் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும் என்கிறது. அந்த இரண்டு மாதத்தில் வரைபடத்தை விரித்துத் தன் தெருவைத் தேடிப் பார்த்தவர் இங்கே எத்தனை பேர்? அறிவிப்புப் பலகையில் ஒட்டியது மழையில் நனைந்து கிழிந்தபின்தானே நமக்குச் செய்தி வருகிறது.

நகர்மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவைப் படித்துப் பழகியவர்களுக்கு அதன் நடை தெரியும். ஒரு பொருள், அதற்கு ஓர் அலுவலகக் குறிப்பு, கடைசியில் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்ற வரி. பல பொருள்களில் ‘அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெறப்பட்டுள்ளது’ என்றும் இருக்கும். அந்த இடத்திலேயே விவாதம் முடிந்துவிட்டது என்று பொருள். ஐம்பது, அறுபது பொருள்கள் ஒரு மணி நேரத்தில் ‘ஒருமனதாக’ நிறைவேறும். வரிவசூல் கணக்கும், மோட்டார் பழுதும், ஒரு நிலத்தின் தலையெழுத்தும் ஒரே வேகத்தில் கடந்துபோகும்.

அந்த மன்றமே இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி 19 வரை தமிழக நகரங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். மனை வரன்முறையும், 2018 வெள்ளமும், 2019 கட்டட விதிகளும் அந்த இடைவெளியில்தான் வந்தன. கேட்க வேண்டிய காலத்தில் கேட்பதற்குக் கவுன்சிலர் இல்லை.

தேர்தலுக்குப் பின் 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. கிராமசபை போல நகரத்துக்கும் ஓர் அவை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் அரசியல் சட்டம் வார்டு குழுவைக் கட்டாயமாக்குகிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்ந்த நம் ஊருக்கும் அந்த வாய்ப்பு வந்தது பெரிய விஷயம். அங்கே தெருவிளக்கையும் குப்பையையும் மட்டுமே பேசிவிட்டுக் கலைந்தால், வந்த வாய்ப்பை நாமே வீணாக்கியவர்களாவோம்.

பேசி முடிவெடுத்தாலும் செய்யப் பணமில்லை என்று நகராட்சி சொல்லும். உண்மையாகவும் இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்ற ஊர். நம்மூர் போல வசதி குறைந்த நகராட்சி. ஒரு வார்டு மக்கள் திறந்த சாக்கடையாலும் சாராய ஆலைக் கழிவாலும் நொந்துபோய்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம்வரை போய், கையில் காசில்லை என்றது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மக்களின் ஆரோக்கியம் காக்கும் கடமைக்கு வறுமை சாக்காகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த 133 இன்று புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 152-ஆவது பிரிவாக இருக்கிறது. மாநில அளவில் எந்த அமைப்பும் இல்லாமல் ஒரு வார்டு மக்கள் போட்ட வழக்கில் வந்ததுதான் ரத்லம் தீர்ப்பு.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, வார்டு வாரியாக ஒரு நிலப் பதிவேடு. ரிசர்வ் சைட் எவை, ஓடைப் புறம்போக்கு எவை, தறிக்கூடங்கள் எங்கே, உப்பேறிய போர்கள் எங்கே, வெள்ளம் ஏறிய வீடுகள் எவை என்று சர்வே நம்பரோடு எழுதி நகராட்சிச் சுவரில் மாட்ட வேண்டும். 1914–15-இல் சென்னை மாகாண நகரங்களுக்கு வந்த பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், கோடு போடுமுன் சந்து சந்தாக நடந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் நடந்து இதை முடித்துவிடலாம்.

இரண்டாவது, நிலம் தொடர்பான எந்தப் பொருளும் பகுதி சபையில் பேசப்படாமல் மன்றத்துக்குப் போகக் கூடாது. ஒன்றை அகற்றவோ மறுக்கவோ தீர்மானம் போட்டால், மாற்று இடம் எது, அந்த மாற்று இடத்தின் அக்கம்பக்கத்தாரிடம் எப்போது கேட்கப்பட்டது என்ற இரண்டு வரிகளும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். சாயப்பட்டறைக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பற்றிப் பேசும்போது இது மிக முக்கியம். அஜெண்டாவும் தீர்மானங்களும் ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டப்பட வேண்டும். மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே சொல்கிறது.

மூன்றாவது வேண்டுகோள் மன்றத்துக்கு அல்ல, நமக்கு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாம் கொடுக்கும் மனுக்கள் ‘உடனடியாக அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடிகின்றன. இனி அதற்குக் கீழே ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள். இதை வைக்கத் தகுந்த இடம் எது, ஏன், அங்கே யாருக்கு என்ன பாதிப்பு, அதை எப்படிக் குறைக்கலாம் என்று. தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடமே கேட்டு எழுதுங்கள். மனுதாரரும் எதிர்த்தரப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனுவை எந்த அதிகாரியாலும் ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்ற ஒற்றை வரியில் ஒதுக்கிவிட முடியாது. காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

 அடுத்த பகுதி சபை எந்தத் தேதியில் என்று போகும்போதே உங்கள் கவுன்சிலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். இந்தக் கூட்டத்திலும் சிலர் இருக்கிறார்கள்.